மூன்றாம் லெவலில் மாங்க்: எந்த வழியை எடுப்பது, எந்த வரிசையில் யோசிப்பது

டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதை ஆடும் மேசை விளையாட்டில் மாங்க் (வெறுங்கையால் சண்டையிடும் துறவி வீரன்) எடுப்பவர்கள் முதல் இரண்டு லெவலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் ஆடுவார்கள். மூன்றாம் லெவலில்தான் மடத்துக்குள் பாதை பிரிகிறது. அங்கே நான்கு வழிகள்: ஓப்பன் ஹேண்ட், ஷேடோ, எலிமென்ட்ஸ், மெர்சி. சப்கிளாஸ் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

நான் டிஎம்மாக (கதையை நடத்துபவராக) உட்காரும் மேசையில் இதே காட்சி பலமுறை நடந்திருக்கிறது. புதிதாக வந்தவர் நான்கு வழிகளின் அறிமுகப் பத்தியையும் படிப்பார், பதினேழாம் லெவலில் கிடைக்கும் பெரிய வித்தையைப் பார்த்துச் சொக்கிப்போவார், உடனே முடிவெடுத்துவிடுவார். மூன்று வாரம் கழித்து மெதுவாகக் கேட்பார்: "அண்ணா, மாத்திக்கலாமா?" அந்தக் கேள்வி வராமலிருக்க என்ன செய்யலாம் என்று பார்த்துப் பார்த்து எழுதிய வரிசை இது. வரிசையை மாற்றாதீர்கள். முன்னால் எடுக்கும் முடிவுதான் பின்னால் வருவதைத் தீர்மானிக்கும்.

1. எந்த ஆண்டு விதி என்று முதலில் உறுதி செய்யுங்கள்

ஐந்தாம் பதிப்பில் 2014-இல் வந்த விதிகளும் உண்டு, 2024-இல் திருத்தி வந்த விதிகளும் உண்டு. இரண்டிலும் வழிகளின் பெயர்கள் ஏறக்குறைய ஒன்றுதான், வேலை செய்யும் விதம் வேறு. இணையத்தில் தேடினால் கிடைக்கும் ஆலோசனையில் பெரும்பகுதி பழைய விதிக்கு எழுதியது. குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

சில வித்தியாசங்களை மனதில் வையுங்கள். பழையதில் ஷேடோ மாங்க் டார்க்னெஸ் (இருட்டு மந்திரம்) போட இரண்டு கீ பாயிண்ட் (வித்தைக்குச் செலவாகும் புள்ளி) ஆகும், போட்ட இருட்டுக்குள் அவருக்கே கண் தெரியாது. புதியதில் ஒரு ஃபோகஸ் பாயிண்ட்தான் (அதே புள்ளியின் புதுப் பெயர்), உள்ளே பார்க்கவும் முடியும். ஸ்டன்னிங் ஸ்ட்ரைக்கை (எதிரியைச் செயலிழக்க வைக்கும் அடி) பழையதில் ஒரே டர்னில் எத்தனை முறை வேண்டுமானாலும் முயலலாம். புதியதில் டர்னுக்கு ஒரு முறை. கையடியின் காயத்துக்கு உருட்டும் கைப்பகடையும் முதல் லெவலில் டி4 (நான்கு முகம்) ஆக இருந்தது, இப்போது டி6 (ஆறு முகம்).

இந்தக் கட்டுரை முழுக்க 2024 விதிப்படி. புத்தகம் வாங்கக் காசில்லை என்றால், 2025 ஏப்ரலில் இலவசமாக வெளியிட்ட எஸ்ஆர்டி 5.2 என்ற விதித் தொகுப்பில் மாங்க் முழுவதும் இருக்கிறது. ஆனால் வழிகளில் ஓப்பன் ஹேண்ட் மட்டும்தான் அதில் உண்டு.

2. டிஎம்மிடம் நான்கு கேள்வி

இதை வெட்கப்படாமல் கேளுங்கள். நல்ல டிஎம் சந்தோஷமாகப் பதில் சொல்வார்.

கட்டம் போட்ட மேப் வைத்து ஆடுகிறோமா, வாயாலேயே சொல்லி ஆடுகிறோமா? எதிரியைப் பத்தடி தள்ளும் வித்தைக்குக் கட்டம் இருந்தால்தான் மதிப்பு. வாயால் ஆடும் மேசையில் "பத்தடி தள்ளினேன்" என்பது காற்றில் போய்விடும்.

ஷார்ட் ரெஸ்ட் (சண்டைகளுக்கு நடுவே சிறு ஓய்வு) எவ்வளவு அடிக்கடி கிடைக்கும்? மாங்கின் ஃபோகஸ் பாயிண்ட் ஒவ்வொரு ஷார்ட் ரெஸ்டிலும் முழுதாகத் திரும்பும். ஒரு நாளைக்கு ஒரே பெரிய சண்டை என்ற மேசையும், ஓய்வெடுத்து ஓய்வெடுத்து நாலு சண்டை என்ற மேசையும் மாங்குக்கு இரண்டு வேறு ஆட்டம்.

கதை எங்கே நடக்கிறது? குகையிலா, வெட்டவெளியிலா, ஊருக்குள்ளா? வெளிச்சத்தை டிஎம் கணக்கு வைப்பாரா?

எந்த லெவல் வரை போகும்? என் மேசையில் ஆரம்பித்த கதைகள் பெரும்பாலும் ஏழு, எட்டில் முடிந்துவிட்டன. ஆளுக்கு வேலை மாற்றம், கல்யாணம், குழந்தை. பதினேழாம் லெவல் வித்தைக்காக வழி எடுப்பது, கிடைக்காத சம்பளத்தை நம்பிக் கடன் வாங்குகிற மாதிரி.

3. கூட இருப்பவர்களைப் பாருங்கள்

யார் என்ன எடுத்திருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். தேட வேண்டியது இரண்டே விஷயம்.

முதலாவது, கீழே விழுந்தவரை எழுப்ப யார் இருக்கிறார்கள்? ஒருவர்கூட இல்லையென்றால் மெர்சிக்குப் பெரிய காரணம் கிடைத்துவிட்டது. இரண்டு பேர் ஏற்கெனவே இருந்தால் அந்தக் காரணம் போய்விட்டது.

இரண்டாவது, தூரத்திலிருந்து அடிப்பவர்கள் எத்தனை பேர்? இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஓப்பன் ஹேண்ட் மாங்க் எதிரியைக் கீழே தள்ளிவிட்டால், பக்கத்தில் நின்று அடிப்பவருக்கு அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுப்பது). ஐந்தடிக்கு அப்பால் வில்லோடு நிற்பவருக்கோ டிஸ்அட்வான்டேஜ் (சிறியதை எடுப்பது). கூட்டத்தில் மூன்று பேர் வில்லும் மந்திரமுமாக இருந்தால், நீங்கள் ஒவ்வொரு முறை எதிரியைச் சாய்க்கும்போதும் அவர்கள் முகம் சுருங்கும்.

4. எண்களை முதலில் போடுங்கள், வழியைப் பிறகு

மாங்குக்கு டெக்ஸ்டெரிட்டியும் (சுறுசுறுப்பு, சுருக்கமாக டெக்ஸ்) விஸ்டமும் (ஞானம்) இரண்டு கண்கள். கவசம் இல்லாத ஏசி (உங்களை அடிக்க எதிரி உருட்டித் தொட வேண்டிய எண்) என்பது பத்தோடு இரண்டின் மாடிஃபையரும் (எண்ணுக்கேற்ற கூட்டல், 16-க்கு 3) சேர்ந்தது. உங்கள் வித்தைகளுக்கு எதிரி உருட்ட வேண்டிய டிசி என்பது எட்டு, விஸ்டம் மாடிஃபையர், ப்ரொஃபிஷியன்சி (தேர்ச்சிக் கூட்டல், மூன்றாம் லெவலில் 2) மூன்றும் சேர்ந்தது.

15, 14, 13, 12, 10, 8 என்ற வழக்கமான எண்களை வைத்தால், டெக்ஸில் 15, விஸ்டமில் 14, கான்ஸ்டிட்யூஷனில் (தாக்குப்பிடிக்கும் உடல்) 13. பேக்ரவுண்டிலிருந்து (ஆளின் பழைய வாழ்க்கை) கிடைக்கும் கூடுதலில் டெக்ஸுக்கு ஒன்று, விஸ்டமுக்கு இரண்டு கொடுத்தால் இரண்டும் 16 ஆகும். ஏசி 16. மூன்றாம் லெவலில் டிசி 13. கைட், வேஃபேரர், செய்லர், ஸ்க்ரைப் ஆகிய பேக்ரவுண்ட்களில் இந்த இரண்டையும் ஏற்ற முடியும்.

இதை வழிக்கு முன்னால் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான்கு வழிகளும் விஸ்டமை ஒரே அளவில் கேட்பதில்லை. மெர்சியில் நீங்கள் தரும் காயத்திலும் ஆற்றும் புண்ணிலும் விஸ்டம் நேராகக் கூடுகிறது. ஓப்பன் ஹேண்டும் எலிமென்ட்ஸும் டிசிக்காகக் கேட்கின்றன. ஷேடோவில் டார்க்னெஸுக்கு எதிரி எதையும் உருட்ட வேண்டியதில்லை என்பதால், ஏசிக்காக மட்டும் வைத்துக்கொண்டால் போதும். ஏற்கெனவே விஸ்டம் 12-ஓடு ஆளை உருவாக்கிவிட்டீர்கள் என்றால் மெர்சி பக்கம் போகாதீர்கள்.

பால்டர்ஸ் கேட் 3 கணினி விளையாட்டு ஆடிவிட்டு வருபவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அது 2014 விதியை ஒட்டியது. அங்கே டேவர்ன் ப்ராலர் என்ற ஃபீட் (கூடுதல் திறமை), கையால் அடிக்கும்போது ஸ்ட்ரெங்த்தை இரண்டு மடங்காகக் கூட்டும். அதனால் அங்கே பலசாலி மாங்க் கொடி கட்டிப் பறப்பார். மேசை விதியில் அந்த ஃபீட் அப்படி வேலை செய்வதில்லை. ஸ்ட்ரெங்த்தை ஏற்றி வந்தால் ஏசி பள்ளத்தில் கிடக்கும். அந்த விளையாட்டில் 100 பொற்காசு கொடுத்து மொத்த ஆளையும் மாற்றிக்கொள்ளலாம். இங்கே அது டிஎம் மனசைப் பொறுத்தது.

5. மூன்று பாயிண்ட், ஒரு போனஸ் ஆக்‌ஷன்: இந்த வரவு செலவைப் புரிந்துகொள்ளுங்கள்

வழி எது என்பதைவிட இதுதான் முக்கியம். மூன்றாம் லெவலில் கையில் மூன்று ஃபோகஸ் பாயிண்ட். ஒரு டர்னில் ஒரு போனஸ் ஆக்‌ஷன். எந்த வழி எடுத்தாலும் இந்த இரண்டு பைகளிலிருந்துதான் செலவு செய்ய வேண்டும்.

பாயிண்ட் செலவில்லாமல் ஆக்‌ஷனில் ஓர் அடி, போனஸ் ஆக்‌ஷனில் ஓர் அடி. ஒரு பாயிண்ட் கொடுத்தால் ஃப்ளரி ஆஃப் ப்ளோஸ், அதாவது போனஸ் ஆக்‌ஷனில் இரண்டு அடி. ஐந்தாம் லெவல் வந்தால் ஸ்டன்னிங் ஸ்ட்ரைக்கும் இதே பையில் கை வைக்கும்.

இரண்டாம் லெவலில் கிடைக்கும் அன்கேனி மெட்டபாலிசத்தையும் கணக்கில் சேருங்கள். இனிஷியேட்டிவ் (சண்டையில் யார் முதல் என்ற வரிசை) உருட்டும்போது பாயிண்ட் எல்லாம் திரும்பி வரும், லாங் ரெஸ்டுக்கு (நீண்ட ஓய்வு) ஒரு முறை. "கடைசிச் சண்டைக்கு வச்சிருக்கேன்" என்று சொல்லி, கடைசிவரை தொடாமலே படுக்கப்போன மாங்குகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். நாளின் இரண்டாவது சண்டையில் பை காலியாக இருந்தால் அங்கேயே எடுத்துவிடுங்கள்.

6. நான்கு வழிகளும் எப்படிச் செலவு வைக்கின்றன

*ஓப்பன் ஹேண்ட்.* ஃப்ளரியில் படும் ஒவ்வொரு அடிக்கும் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். பதினைந்தடி வரை தள்ளுவது, கீழே விழவைப்பது, அல்லது எதிரி தன் அடுத்த டர்ன் வரும்வரை ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் (விலகிப் போகிறவரை அடிக்கும் அடி) செய்ய முடியாமல் ஆக்குவது. முதல் இரண்டுக்கும் எதிரி சேவிங் த்ரோ (தப்பிக்கும் உருட்டல், சுருக்கமாக சேவ்) உருட்டுவார். மூன்றாவதற்கு உருட்டலே கிடையாது, பட்டால் பட்டதுதான்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம்: ஆக்‌ஷனில் அடித்த சாதாரண அடிக்கு இது பொருந்தாது. ஃப்ளரி அடிக்கு மட்டும். அதனால் பாயிண்ட் தீர்ந்தால் உங்கள் வழியும் அன்றைக்குத் தீர்ந்தது. அடிக்கடி ஷார்ட் ரெஸ்ட் கிடைக்கும் மேசைக்கு இது உகந்தது. இன்னொன்று, ஃப்ளரியின் முதல் அடியிலேயே சாய்த்துவிட்டால் இரண்டாவது அடிக்கு அட்வான்டேஜ் கிடைக்கும். பலர் கடைசி அடியில் சாய்த்துவிட்டு அதை வீணாக்குகிறார்கள்.

*எலிமென்ட்ஸ்.* டர்ன் தொடங்கும்போது ஒரு பாயிண்ட் கொடுத்தால் பத்து நிமிடம் நிற்கும். கான்சென்ட்ரேஷன் (வித்தை கலையாமல் கவனத்தில் வைத்திருப்பது) வேண்டாம். கையடி வழக்கத்தைவிடப் பத்தடி கூடுதல் தூரம் எட்டும். அடியை நெருப்பு, குளிர், மின்னல், இடி, அமிலம் என எதுவாகவும் மாற்றலாம். அப்படி மாற்றிய அடி பட்டால், எதிரி ஸ்ட்ரெங்த் சேவில் தோற்கும்போது பத்தடி இழுக்கலாம் அல்லது தள்ளலாம். இதற்கு ஃப்ளரி தேவையில்லை, எந்தக் கையடிக்கும் உண்டு.

பாயிண்ட் கணக்கில் நான்கிலும் சிக்கனமானது இதுதான். ஒரு பாயிண்டில் முழுச் சண்டையும் ஓடும். மூன்று கட்டம் தள்ளி நின்று அடித்துவிட்டுப் பின்வாங்கினால், ஐந்தடி மட்டும் எட்டும் எதிரிக்கு ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் கிடைக்காது. தவறு எங்கே வரும் என்றால், கையில் தடியை வைத்துக்கொண்டு பதினைந்தடி எட்டும் என்று நினைப்பது. எட்டாது. கையடிக்கு மட்டும்தான். டர்ன் தொடக்கத்தில் சொல்ல மறந்துவிட்டு நடுவில் "அய்யோ, ஆன் பண்ணணும்" என்பதும் அடிக்கடி நடக்கிறது. கதவைத் திறப்பதற்கு முன்பே செய்துகொள்ளலாமா என்று டிஎம்மிடம் கேளுங்கள். பத்து நிமிடம் இருக்கிறதே.

*மெர்சி.* கையடி பட்ட பிறகு ஒரு பாயிண்ட் கொடுத்து, டர்னுக்கு ஒரு முறை, கைப்பகடையோடு விஸ்டமும் சேர்த்து நெக்ரோடிக் (சாவுச் சக்தி) காயம் கூட்டலாம். இது ஹேண்ட் ஆஃப் ஹார்ம். ஹேண்ட் ஆஃப் ஹீலிங் அதே அளவு புண் ஆற்றும். அதைத் தனியாகச் செய்தால் ஆக்‌ஷனும் போகும், பாயிண்டும் போகும். ஃப்ளரிக்குள் ஓர் அடிக்குப் பதிலாகச் செய்தால் கூடுதல் பாயிண்ட் ஆகாது. தனியாகச் செய்வதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. ஃப்ளரிக்குள் நுழைத்தால் ஆக்‌ஷனில் ஓர் அடி, போனஸில் ஓர் அடி, நண்பருக்கு ஆறேழு உயிர்ப்புள்ளி, எல்லாம் ஒரே பாயிண்டில். தொட்டுத்தான் ஆற்ற முடியும் என்பதை மறக்காதீர்கள். நாற்பதடி ஓடக்கூடிய மாங்குக்கு அது பெரிய தடையும் இல்லை.

ஒரு நுட்பம் சொல்கிறேன். வெறும் காயம்தான் வேண்டும் என்றால் மெர்சி மாங்க் பாயிண்டை ஃப்ளரியில் போடுவதைவிட ஹேண்ட் ஆஃப் ஹார்மில் போடுவது லாபம். ஃப்ளரிக்கான பாயிண்டை அடிக்கும் முன்பே கொடுத்துவிடுகிறீர்கள், அடி தவறினால் போனது போனதுதான். ஹார்மை அடி பட்ட பிறகுதான் கொடுக்கிறீர்கள்.

*ஷேடோ.* ஒரு பாயிண்டில் டார்க்னெஸ். பதினைந்தடி ஆரமுள்ள இருட்டு உருண்டை. உள்ளே உங்களுக்கு மட்டும் கண் தெரியும். ஒவ்வொரு டர்ன் தொடக்கத்திலும் அதை அறுபதடிக்குள் நகர்த்தலாம். உங்கள் அடிக்கு அட்வான்டேஜ், உங்களை அடிப்பவருக்கு டிஸ்அட்வான்டேஜ். படிக்கும்போது நான்கிலும் இதுதான் கவர்ச்சி. தவறாக எடுத்துத் திரும்ப வருபவர்களில் அதிகம் பேரும் இதை எடுத்தவர்கள்தான்.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கல்லறைத் தாழ்வாரம். கல்லூரிப் பையன் ஒருவன், முதல் மாங்க், ஷேடோ. முதல் டர்னிலேயே இருட்டைப் போட்டு உள்ளே புகுந்தான். அடிகள் படபடவென்று விழுந்தன, மேசை முழுக்க ஆரவாரம். ஃபைட்டரும் பின்னாலேயே உள்ளே போனார். இரண்டாவது ரவுண்டில் ஃபைட்டர் கீழே விழுந்தார். க்ளெரிக் (புண் ஆற்றும் பூசாரி) சட்டென்று, "ஹீலிங் வேர்ட் போடறேன்" என்றார். நான் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன்: "உங்களுக்கு அவரைத் தெரியலையே." அந்த மந்திரத்துக்குக் கண்ணால் பார்க்கக்கூடிய ஆள் வேண்டும். மேசை அமைதியானது. எல்லோரும் அந்தப் பையனைப் பார்த்தார்கள். அவன் கான்சென்ட்ரேஷனை விட்டான், இருட்டு கலைந்தது, பாயிண்டும் போனது. அதற்குப் பிறகு அவன் தயங்காமல் இருட்டுப் போட்டதே இல்லை.

ஷேடோ மோசமான வழி என்று சொல்லவில்லை. மற்றவர்களோடு முன்பே பேசி வைத்திருக்க வேண்டிய வழி. பேச முடியாதவர்கள் எடுக்கக் கூடாது. கூட்டத்தில் டெவில்ஸ் சைட் வைத்திருக்கும் வார்லாக் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். அவருக்கும் அந்த இருட்டில் கண் தெரியும், இருவரும் சேர்ந்து சக்கைப்போடு போடுவீர்கள். இன்னும் இரண்டு செலவுகள் ஒளிந்திருக்கின்றன. டார்க்னெஸ் போட அந்த டர்னின் ஆக்‌ஷன் முழுசாகப் போகும், போனஸ் அடிதான் மிஞ்சும். அடிபட்டால் கான்சென்ட்ரேஷன் காக்கக் கான்ஸ்டிட்யூஷன் சேவ் உருட்ட வேண்டும், மாங்குக்கு அதில் ப்ரொஃபிஷியன்சி கிடையாது.

7. காயக் கணக்கைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்

"எது அதிகம் அடிக்கும்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். போட்டுப் பார்த்துவிடுவோம். மூன்றாம் லெவல், டெக்ஸும் விஸ்டமும் 16, எதிரியின் ஏசி 13, மூன்று ரவுண்ட், மூன்று பாயிண்ட், எதிரி எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில். க்ரிட்டிகலை (20 விழும்போது கூடும் காயம்) விட்டுவிடுகிறேன்.

ஒவ்வொரு ரவுண்டும் ஃப்ளரி அடித்தால் ஓப்பன் ஹேண்ட் சராசரி 38. ஒவ்வொரு ரவுண்டும் ஹார்ம் போட்டால் மெர்சி 42. முதல் ரவுண்டில் இருட்டும் ஃப்ளரியும், அடுத்ததில் இன்னொரு ஃப்ளரி என்றால் ஷேடோ 40. ஒரு பாயிண்டை வழிக்கும் இரண்டை ஃப்ளரிக்கும் கொடுத்தால் எலிமென்ட்ஸ் 34.

மூன்று ரவுண்டுக்குப் பிறகு அதிகத்துக்கும் குறைவுக்கும் நடுவே எட்டே புள்ளி. ஒரு நல்ல உருட்டலில் காணாமல் போகும் வித்தியாசம். நீங்கள் உண்மையில் தேர்ந்தெடுப்பது அடியோடு கூட வரும் வேலையை: சாய்ப்பதா, இழுப்பதா, ஆற்றுவதா, மறைவதா.

8. தாளில் மூன்று ரவுண்ட் ஆடிப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு மாற்றக் கேட்கிறார்கள். அரை மணி நேரம் போதும்.

கட்டம் போட்ட கணக்கு நோட்டில் ஒரு பாலம் வரையுங்கள். ஒரு கட்டம் ஐந்தடி. பாலம் இரண்டு கட்டம் அகலம், எட்டுக் கட்டம் நீளம், கீழே பள்ளம். துவரம்பருப்பு நான்கு: மூன்று எதிரிகள் பாலத்தின் நடுவில், ஒருவன் அக்கரையில் வில்லோடு. கொண்டைக்கடலை மூன்று: நீங்கள், நிற்கும் நண்பர் ஒருவர், பாலத்தின் நடுவே விழுந்து கிடக்கும் நண்பர் ஒருவர். பகடையை உருட்டி, ஒவ்வொரு வழிக்கும் மூன்று ரவுண்ட் ஆடுங்கள்.

ஓப்பன் ஹேண்டில் பதினைந்தடி தள்ளல் எவ்வளவு பெரியது என்று இங்கேதான் தெரியும். பாலத்தின் ஓரமாக நிற்பவன் நேராகப் பள்ளத்தில். எலிமென்ட்ஸில் பாலத்துக்கு வெளியே நின்றபடியே ஒருவனை இழுத்து, நிற்கும் நண்பர் காலடியில் போடலாம். மெர்சியில் விழுந்தவரிடம் ஓடி, ஆக்‌ஷனில் அடித்து, ஃப்ளரியின் ஓர் அடியை எதிரிக்கும் இன்னொன்றை நண்பருக்கும் பிரிப்பீர்கள். ஷேடோவில் உருண்டை பாலத்தின் அகலத்தை முழுசாக மூடிவிடும். வில்காரனுக்கு உங்களைத் தெரியாது, நல்லது. விழுந்து கிடக்கும் நண்பரையும் வேறு யாருக்கும் தெரியாது.

ஆடும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: எந்த வழியில் உங்கள் டர்ன் வரும் முன்பே என்ன செய்யலாம் என்று கை பரபரத்தது? எந்த வழியில் விதியைத் திரும்பத் திரும்பப் புரட்டினீர்கள்? புரட்டிக்கொண்டே இருந்த வழி மேசையில் நாலு பேர் காத்திருக்கும்போது இன்னும் கனக்கும்.

9. ஆறாம் லெவல் வரை மட்டும் எட்டிப் பாருங்கள்

நான்காம் லெவலில் ஃபீட் வரும். ஷேடோ எடுப்பவர்கள் கான்சென்ட்ரேஷனுக்காக வார் கேஸ்டர் எடுக்கிறேன் என்பார்கள். எடுக்க முடியாது. அதற்கு ஸ்பெல்காஸ்டிங் அல்லது பாக்ட் மேஜிக் என்ற மந்திரத் திறன் வேண்டும், மாங்குக்கு இரண்டும் இல்லை. பதிலாக ரெசிலியன்ட் எடுத்துக் கான்ஸ்டிட்யூஷனைத் தேர்ந்தெடுங்கள். 13 இருந்தது 14 ஆகும், சேவில் ப்ரொஃபிஷியன்சியும் சேரும், கூட்டல் ஒன்றிலிருந்து நான்குக்குத் தாவும். எலிமென்ட்ஸுக்கு க்ராப்ளர் ஃபீட் நன்றாக ஒத்துப்போகும். முதல் அடியில் இழுத்து வந்து, அடுத்ததில் அடித்துக்கொண்டே பிடித்துவிடலாம்.

ஐந்தில் ஸ்டன்னிங் ஸ்ட்ரைக் வந்ததும் பாயிண்ட் நெருக்கடி கூடும். கையில் ஐந்து இருந்தாலும் பசி அதிகம். இங்கே எலிமென்ட்ஸ் மூச்சு விடும், மெர்சி திணறும்.

ஆறில் ஒவ்வொரு வழிக்கும் அடுத்த வித்தை. ஓப்பன் ஹேண்டுக்குப் போனஸ் ஆக்‌ஷனில் தன் புண்ணைத் தானே ஆற்றும் திறன், பாயிண்ட் வேண்டாம். எலிமென்ட்ஸுக்கு இரண்டு பாயிண்டில் இருபதடி ஆரமுள்ள வெடிப்பு, உள்ளே நண்பர் நின்றால் அவருக்கும் உண்டு. மெர்சிக்கு ஹார்மோடு சேர்த்து எதிரியை பாய்சன்ட் ஆக்குவது, சேவ் கிடையாது. மிகவும் பலமானது, ஆனால் எலும்புக்கூடும் ஸாம்பியும் நிறைந்த கதையில் அவற்றுக்கு விஷம் ஏறாது. இரண்டாம் படியில் கதைக்களம் கேட்கச் சொன்னதில் இதுவும் அடக்கம். ஷேடோவுக்கு நிழலிலிருந்து நிழலுக்கு அறுபதடி தாவல், பாயிண்டே வேண்டாம். வெயிலில் நடக்கும் சண்டையில் நிழலை நீங்களே கொண்டு வர வேண்டும். தாவலுக்குப் போனஸ் ஆக்‌ஷன் ஆகும் என்பதால் அந்த டர்னில் ஃப்ளரி கிடையாது.

10. கதையைக் கடைசியில் எழுதுங்கள்

குரு யார், எந்த மடம், ஏன் ஊரை விட்டு வந்தார் என்பதையெல்லாம் முதலில் எழுதிவிட்டால் வழி அதற்குள் சிக்கிக்கொள்ளும். "என் ஆள் பழிவாங்க வந்தவன், அதனால் ஷேடோதான்" என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தார். பழிவாங்க வந்த வைத்தியர் ஏன் இருக்கக் கூடாது? புண் ஆற்றத் தெரிந்த கைக்கு எங்கே அடித்தால் நோகும் என்று தெரியாதா? எண்ணும் வழியும் முடிந்த பிறகு எழுதினால் கதை அதற்கேற்ப வளையும். அஞ்சு வரி போதும், மிச்சத்தை மேசை எழுதிக்கொள்ளும்.

11. தவறாகிவிட்டால்

முதல் இரண்டு அமர்வில் மனசு ஒட்டவில்லை என்றால் உடனே டிஎம்மிடம் பேசுங்கள். மூன்று மாதம் பல்லைக் கடித்து ஆடிவிட்டு மாற்றக் கேட்பது எல்லோருக்கும் சங்கடம். நான் அடுத்த லெவல் ஏறும்போது ஒரு முறை மாற்ற விடுகிறேன், கேள்வி கேட்பதில்லை. சில டிஎம்கள் அடுத்த சப்கிளாஸ் வித்தை வரும் லெவலில், அதாவது ஆறில்தான் அனுமதிப்பார்கள்.

கேட்கப் போகும்முன் ஒரு சோதனை. பிரச்சினை வழியில் இருக்கிறதா, பாயிண்டைச் செலவழிக்கும் விதத்தில் இருக்கிறதா? போன சண்டையில் எத்தனை பாயிண்ட் மிச்சம் வைத்தீர்கள் என்று நினைவுபடுத்துங்கள். இரண்டு மிச்சம் இருந்தால் வழியைத் தொடாதீர்கள், அடுத்த சண்டையில் முதல் இரண்டு ரவுண்டிலேயே எல்லாவற்றையும் செலவழித்துப் பாருங்கள். அந்த ஷேடோ பையன் கடைசியில் மாற்றிக்கொண்டான், எலிமென்ட்ஸுக்கு. போன மாதம் ஒரு ஓர்க் அரக்கனைக் கிணற்றுக்குள் தள்ளிவிட்டு, க்ளெரிக்கைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.